உப்புக் காற்றில் கீபோர்டு: வாங்கிய நாள் முதல் அடைமழை வரை பாதுகாக்கும் முறை

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் கீபோர்டு வாசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடகர் குழுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், அவர்கள் கொண்டுவரும் கீபோர்டுகளைத் திறந்து சுத்தம் செய்வதும் என் வேலை. வாசித்து வாசித்தே தேய்ந்த கீபோர்டு என் மேசைக்கு வருவது அபூர்வம். உப்பு தின்றது வரும், ஓதம் ஏறியது வரும், தவறான அடாப்டர் போட்டுக் கருகியது வரும்.

கூடவே வரும் கையேட்டில் ஈரமான இடத்தில் வைக்காதீர்கள் என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். நம் கரையில் ஈரமில்லாத இடத்துக்கு எங்கே போவது? அதனால் இங்கே செய்ய வேண்டியதெல்லாம் வரிசை தப்பாமல் செய்வதுதான். முதலில் உப்பை எடுக்க வேண்டும். அப்புறம் ஈரத்தை எடுக்க வேண்டும். கடைசியில்தான் மூட வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் நேரே மூடுவதில் ஆரம்பிக்கிறார்கள். உப்போடு சேர்த்து மூடினால் உறை போட்டும் பயனில்லை.

1. எதிரி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஐப்பசி பிறந்ததும் அடுப்படியில் உப்பு ஜாடி நீர்விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானே கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியமும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னாலேயே கசியும். நம் ஊரில் விடியற்காலையில் 75 என்பது சர்வ சாதாரணம்.

கீபோர்டுக்குள் போன உப்புத்தூசியும் இதையேதான் செய்கிறது. பகலில் காய்ந்த தூளாகக் கிடக்கும். இரவில் ஈரத்தை இழுத்து உப்புத் தண்ணீராக மாறும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாயும், செம்பு பச்சை பூக்கும், இரும்புத் திருகு துருப்பிடிக்கும். மழையில் நனையவே நனையாத கீபோர்டு வீட்டுக்குள்ளேயே கெட்டுப்போவது இப்படித்தான்.

ஒரு கீபோர்டைத் திறந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். கடலைப் பார்த்த ஜன்னல் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்துத் திருகுகள் பழுப்பேறியிருக்கும். மறுமுனைத் திருகுகள் பளபளவென்று இருக்கும். பேட்டரி ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருக்கும். ஸ்பீக்கர் துளைகளுக்கு நேர் கீழே, துளைகள் இருக்கும் அதே வரிசையில், உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையின்மேல் மங்கலான புள்ளிகள் விழுந்திருக்கும்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

கீபோர்டு வாங்கும் நாளிலேயே இவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் முதல் மழைதான் ஞாபகப்படுத்தும்.

துடைக்க இரண்டு பழைய பனியன் துணி. ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உலர்த்துவதற்கு. புதுத்துணியில் பஞ்சு உதிரும், கட்டைகளின் (விரலால் அழுத்தி வாசிக்கும் கீகளின்) இடுக்கில் அது மாட்டிக்கொள்ளும். ஒன்றரை அங்குலப் பெயிண்ட் பிரஷ் ஒன்று, பெயிண்ட் தொடாததாக.

மூட, முழுக் கீபோர்டும் மறைகிற அளவுக்குப் பருத்தித் துணி. பழைய வேட்டி போதும். இதைத் தவிர வெளியே கொண்டுபோகப் பஞ்சு வைத்த பை.

ஈரத்துக்கு, சிலிக்கா ஜெல். நிறம் மாறுகிற வகையாகக் கேட்டு வாங்குங்கள். ஆரஞ்சு நிறத்தில் இருந்து ஈரம் குடித்ததும் பச்சையாகவோ நிறமில்லாமலோ மாறும் வகை நல்லது. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் பிள்ளைகள் கை படாத இடத்தில் வைக்க வேண்டும். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றும் இருந்தால் நல்லது.

மின்சாரத்துக்கு, சாதாரண மல்டிமீட்டர். திருவிழா மேடையில் வாசிப்பவராக இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

3. வைக்கும் இடம்

முதலில் சுவரைப் பாருங்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிரும். அந்தச் சுவரோடு ஒட்டிக் கீபோர்டை வைத்தால் பின்பக்கத்து ஜாக்குகளுக்குள் ஓதம் ஏறும். ஒரு முழம் தள்ளி வையுங்கள். தரையில் வைக்கவே வேண்டாம், ஒரு ராத்திரிக்குக்கூட.

அடுத்து ஜன்னல். கச்சான் வீசும் மாதங்களில் மேற்கும் தென்மேற்கும் பார்த்த ஜன்னலிலிருந்து உப்பு வரும். வாடைக்காற்று தொடங்கியதும் வடக்கு, வடகிழக்கு ஜன்னலிலிருந்து வரும். ஆக, வருஷம் முழுக்க ஒரே இடம் சரிப்படாது. காற்று மாறும்போது கீபோர்டையும் அறைக்குள்ளேயே இடம் மாற்றுங்கள். பாம்பன், தங்கச்சிமடம் மாதிரி இரண்டு பக்கமும் கடல் உள்ள ஊரில் நடு அறைதான் சரி.

வெயில் நேராக விழக் கூடாது. யமஹா கையேடுகள் 5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரைதான் சரிபார்த்த வெப்பநிலை என்று போட்டிருக்கின்றன. சித்திரை மத்தியானத்தில் பூட்டிய காருக்குள் வெப்பம் இதைச் சுலபமாகத் தாண்டும், கட்டைகள் வளையும்.

கீபோர்டின் மேல் எதையும் வைக்காதீர்கள். பாட்டுப் புத்தகத்துக்குத் தாங்கி இருக்கிறது. தண்ணீர்ப் பாட்டில், டீ கிளாஸ், மெழுகுவத்தி, சாம்பிராணி எதுவும் மேலேயும் வேண்டாம், பக்கத்திலேயும் வேண்டாம். ரப்பர், வினைல் பொருள்களை நாள்கணக்கில் மேலே விட்டால் பிளாஸ்டிக்கில் கறை ஏறிவிடும். பூச்சி வராமலிருக்கப் பாச்சை உருண்டையைப் பைக்குள் போடுகிறவர்களும் உண்டு. அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும், போடாதீர்கள்.

ஸ்டாண்டு எக்ஸ் வடிவமாக இருந்தால் பூட்டு முழுதாக விழுந்ததா என்று கையால் அழுத்திப் பார்த்த பிறகே கீபோர்டைத் தூக்கி வையுங்கள். ஒயர்களைக் கடைசியில்தான் செருக வேண்டும். முதலிலேயே செருகிவிட்டு ஸ்டாண்டைச் சரிசெய்யப் போனால் ஒயரில் கால் தட்டி அடாப்டர் முனை ஒடியும். அந்தச் சாக்கெட் உள்ளே பலகையில் நேராகப் பற்றவைத்தது, ஒடிந்தால் பெரிய வேலை.

4. அடாப்டரைப் படித்துவிட்டுச் செருகுங்கள்

வெளி ஆட்கள் வாசிக்க வரும் இடங்களில் கீபோர்டு கருகுவதற்கு முதல் காரணம் இதுதான். முனை பொருந்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். முனை பொருந்துவது முதல் சோதனை மட்டுமே. இன்னும் மூன்றைப் பார்க்க வேண்டும்.

முதலாவது வோல்ட். கீபோர்டின் பின்புறம் எழுதியிருக்கும் எண்ணும் அடாப்டரில் "அவுட்புட்" என்ற இடத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். யமஹாவின் சிறிய மாடல்கள் பெரும்பாலும் 12 வோல்ட். காசியோவில் 9 வோல்ட் உண்டு, 9.5 வோல்ட் உண்டு.

இரண்டாவது துருவம். வட்டமும் அதன் நடுவில் புள்ளியுமாக ஒரு சின்னப் படம் இருக்கும், இரு பக்கமும் பிளஸ், மைனஸ் குறியோடு. நடுப்புள்ளி எந்தக் குறியோடு சேர்கிறது என்று இரண்டிலும் பாருங்கள். யமஹாவின் 12 வோல்ட் அடாப்டர்களில் நடுவில் பிளஸ். காசியோவின் பழைய 9 வோல்ட் மாடல்களில் நடுவில் மைனஸ். அதே காசியோவின் 9.5 வோல்ட் அடாப்டரில் நடுவில் பிளஸ். ஒரே கம்பெனிக்குள்ளேயே மாறும் என்பதால் பெயரைப் பார்த்து நம்ப முடியாது.

மூன்றாவது ஆம்பியர். அடாப்டரில் உள்ள எண் கீபோர்டு கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறையக் கூடாது. குறைந்தால் அடாப்டர் சூடாகும், சத்தத்தைக் கூட்டும்போது கீபோர்டு தானாக அணைந்து அணைந்து எரியும்.

வீட்டில் இன்டர்நெட் மோடத்துக்கும் 12 வோல்ட் அடாப்டர் இருக்கும், திருவிழா அமைப்பாளர் அறையில் இன்னும் நாலைந்து கிடக்கும். ஆகவே உங்கள் அடாப்டரில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டிக் கீபோர்டின் மாடலை எழுதி வையுங்கள். கோவில் கீபோர்டாக இருந்தால் கீபோர்டின் அடியிலும் எழுதுங்கள்.

பேட்டரியில் வாசிக்கும் மாடல் என்றால் எல்லாப் பேட்டரிகளையும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பழையது கசியும். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் பேட்டரி ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான், சாதாரணமானது 1.5. சில யமஹா மாடல்களில் எந்த வகை போட்டிருக்கிறோம் என்று மெனுவில் மாற்ற வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் மீதி அளவைத் தப்பாகக் காட்டும். இரண்டு வாரம் வாசிக்கப்போவதில்லை என்றால் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள்.

5. ஆன் செய்யும் வரிசை, ஆஃப் செய்யும் வரிசை

மிக்ஸர், ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) எல்லாம் சேர்ந்திருக்கும்போது:

எல்லா வால்யூமும் பூஜ்யத்தில். ஒயர்களைச் செருகுங்கள். பெடலிலிருந்து காலை எடுங்கள். கீபோர்டை ஆன் செய்யுங்கள். அப்புறம் மிக்ஸர். கடைசியில் ஆம்ப். பிறகு கீபோர்டு வால்யூமைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்துவிட்டு, மீதியை மிக்ஸரில் ஏற்றுங்கள்.

அணைக்கும்போது நேர் எதிர். ஆம்ப் முதலில், மிக்ஸர் அடுத்து, கீபோர்டு கடைசி.

காரணம்: கீபோர்டு ஆன் ஆகும்போதும் ஆஃப் ஆகும்போதும் ஒரு "தும்" என்ற அதிர்ச்சி ஒயரில் போகும். ஆம்ப் விழித்திருந்தால் அதைப் பல மடங்காக்கி ஸ்பீக்கருக்குத் தள்ளும். உயர்ந்த சுரம் பேசும் சின்ன ஸ்பீக்கர்தான் முதலில் போகும். பூசை முடிந்த அவசரத்தில் கீபோர்டு ஒயரைப் பிடுங்குவதற்கு முன் மைக் செட்காரரைப் பார்த்து "அண்ணே, ஆம்பை இறக்கிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பெடலைப் பற்றிச் சொன்னதற்கும் காரணம் உண்டு. பல மாடல்களில் ஆன் ஆகும் கணத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே "மிதிக்காத நிலை" என்று கீபோர்டு எடுத்துக்கொள்ளும். மிதித்தபடி ஆன் செய்தால் தலைகீழாகிவிடும், மிதித்தால் நிற்கும், விட்டால் இழுக்கும். பெடல் கெட்டுப்போச்சு என்று கொண்டுவருகிறார்கள். ஆஃப் செய்து, காலை எடுத்துவிட்டு, ஆன் செய்தால் சரியாகிவிடும்.

ஒயர் விஷயம் ஒன்று. சிறிய கீபோர்டுகளில் ஹெட்போனுக்கும் வெளி ஸ்பீக்கருக்கும் ஒரே துளைதான், அது ஸ்டீரியோ. மைக் செட்டில் கிடக்கும் மோனோ ஒயரைச் செருகினால் ஒரு பக்கத்துச் சத்தம் எர்த்தோடு சேர்ந்துவிடும். ஒரு முனை ஸ்டீரியோ, மறுமுனை இரண்டு மோனோவாகப் பிரியும் ஒயரைச் சொந்தமாக வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள்.

பென்டிரைவில் சேமிக்கும்போது திரையில் வேலை முடிந்தது என்று வரும்வரை அணைக்காதீர்கள், பென்டிரைவையும் பிடுங்காதீர்கள்.

ஹெட்போனில் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு வால்யூமைப் பாதிக்கு மேல் விடாதீர்கள். இரவில் நேரம் போவது தெரியாமல் வாசிப்பார்கள், காது அதைத் தாங்காது.

6. துடைப்பது

மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் கீபோர்டின் ஆயுளை நீட்டும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தால் வாரம் இரண்டு முறை. ராமநாதபுரம் டவுன் மாதிரி உள்ளே தள்ளி இருந்தால் வாரம் ஒரு முறை.

முதல் படி: அணைத்து, அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள்.

இரண்டாம் படி: உலர்ந்த பிரஷால் தூசியைத் தள்ளுங்கள். கட்டைகளின் நீளவாக்கில், உள்ளிருந்து உங்களை நோக்கி இழுங்கள். குறுக்கே தள்ளினால் தூசி இடுக்கில் விழும். ஸ்பீக்கர் துளைகளின்மேல் பிரஷை அழுத்தாதீர்கள், லேசாகத் தடவினால் போதும். வாயால் ஊதவே கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போகும்.

மூன்றாம் படி: பனியன் துணியைத் தண்ணீரில் நனைத்து, இனி ஒரு சொட்டும் வராது என்கிற அளவுக்குப் பிழிந்து, ஒவ்வொரு கட்டையாகத் துடையுங்கள். எந்தத் தண்ணீர் என்பதுதான் இங்கே முக்கியம். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் பல இடத்தில் உவர். அதில் துடைத்தால் ஒரு உப்பை எடுத்து இன்னொரு உப்பைப் பூசுகிறோம். காவிரிக் குடிநீரோ கேன் தண்ணீரோதான். சந்தேகம் இருந்தால் ஒரு எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் தண்ணீரைக் காயவிடுங்கள். வெள்ளைத் திட்டு நன்றாகத் தெரிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம்.

நான்காம் படி: காய்ந்த துணியால் உடனே துடையுங்கள். காற்றில் காயட்டும் என்று விடக் கூடாது. இந்தக் காற்றில் அது காயாது.

ஐந்தாம் படி: மின்விசிறிக்குக் கீழே சுமார் அரை மணி நேரம். கடல் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் இரண்டாம் படியை விட்டுவிட்டு நேராக ஈரத்துணிக்குப் போவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். காய்ந்த உப்பின் மேலும் மணலின் மேலும் ஈரத்துணி பட்டால் அது குழம்பாகி இடுக்கில் இறங்கும். கூடவே மணல் கட்டையைக் கீறும். வெளியே தெரிகிற கட்டை பளிச்சென்று இருக்கும், உள்ளே போனது யாருக்கும் தெரியாது.

தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே எதுவும் வெளி உடம்பில் படக் கூடாது. எழுத்து அழியும், பிளாஸ்டிக் வெளுக்கும். எதையுமே நேராகக் கீபோர்டின்மேல் தெளிக்காதீர்கள்.

7. மூடுவது

துடைத்துக் காய்ந்த பிறகு பருத்தித் துணி. பிளாஸ்டிக் ஷீட்டை நேரடியாகப் போர்த்தாதீர்கள். பகலில் உள்ளே இருந்த ஈரக்காற்று இரவு குளிர்ந்ததும் ஷீட்டின் உட்பக்கத்தில் துளியாகி, கட்டைமேலேயே சொட்டும். பருத்தி உப்பைத் தடுக்கும், ஈரத்தை வெளியே விடும். கூரை ஒழுகும் என்ற பயம் இருந்தால் பருத்திக்கு மேலே பிளாஸ்டிக் போட்டு, பக்கவாட்டில் காற்றுப்போக இடம் விடுங்கள். மழை நின்றதும் எடுத்துவிடுங்கள்.

அந்தத் துணியை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். அது பிடித்து வைத்திருக்கும் உப்பு அதிலேயே இருக்கும் அல்லவா? அலசாமல் உதறினால் அத்தனையும் கீபோர்டுமேலேயே கொட்டும்.

நாள்கணக்கில் வாசிக்காமல் வைப்பதாக இருந்தால் முறை வேறு. அப்போது ஜிப் வைத்த பைக்குள், இறுக்கமாக, சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். திறந்த இடத்தில் சிலிக்கா ஜெல் வைத்துப் பயனில்லை, ஊர்க் காற்றையெல்லாம் அது குடித்துத் தீர்க்க முடியாது. நிறம் மாறியதும் வெளியே எடுத்து, சமையலுக்குப் பயன்படாத ஒரு பழைய தட்டில் பரப்பி, 110 முதல் 120 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும். அதைவிடச் சூடேற்றினால் கெட்டுவிடும். ஈர மீட்டரைப் பைக்குள் வைத்தால் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அப்படி வைத்தாலும் மாதம் ஒரு முறை எடுத்து, ஆன் செய்து, எல்லாக் கட்டைகளையும் அழுத்தி வாசித்துவிட்டு வையுங்கள்.

8. திருவிழா மேடை

ஜூலையில் தங்கச்சிமடம் பக்கத்து வேர்க்காட்டு சந்தியாகப்பர் கோவில் திருவிழா நடக்கும்போது கச்சான் நன்றாக வீசும். மணலும் உப்பும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். அந்த மாதிரி மேடைகளில் காற்றுக்கு முதுகு காட்டிக் கீபோர்டைப் போடுங்கள். வாசிப்பவர் காற்றைத் தடுப்பார். வாசிக்காத நேரத்தில் பருத்தித் துணி மேலே கிடக்கட்டும், கிளிப் போட்டு.

மணலில் ஸ்டாண்டை நேராக வைத்தால் ஒரு கால் மட்டும் இறங்கும். நான்கு கால்களும் உட்காரும் அளவுக்கு ஒரு ப்ளைவுட் பலகை போடுங்கள். வாசிப்பவரும் பலகைமேலோ ரப்பர் விரிப்புமேலோ நிற்க வேண்டும். நனைந்த மணலில் வெறுங்காலோடு நின்று மின்சாரப் பொருளைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. இதைச் சொன்னால் சிலர் சங்கடப்படுகிறார்கள், கமிட்டியில் பெரியவர்கள் இருக்கும்போது எப்படிக் கேட்பது என்று. கேட்டுத்தான் ஆக வேண்டும்.

செருகுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். பிளக்கில் 230 வோல்ட்டுக்கு அக்கம்பக்கமாக, 210க்கும் 240க்கும் நடுவில் இருக்க வேண்டும். சீரியல் பல்புகளும் குழாய் ஸ்பீக்கர்களும் எரியும்போதும் அளந்து பாருங்கள், ஜெனரேட்டருக்கு மாறியதும் மறுபடி அளங்கள். மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறும். அதில் செருகிய எந்த அடாப்டரும் தப்பாது. மின்சாரம் மாறும் நேரத்தில் கீபோர்டு இணைப்பைக் கழற்றி வைத்து, ஜெனரேட்டர் சீராக ஓட ஆரம்பித்த பிறகு செருகுவது நல்லது.

மேடைக்கு வரும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கசிவு வந்தால் அது நொடிக்குள் துண்டிக்கும். மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால் எர்த்தில் கோளாறு. உடனே நிறுத்தச் சொல்லுங்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை ஒடித்துவிட்டு "இப்போ ஷாக் வரலை" என்பவர்கள் உண்டு. அவர்களை உங்கள் ஒயரைத் தொடவிடாதீர்கள்.

மின்சாரம் எதையும் நம்ப முடியாத இடம் என்றால் பேட்டரியில் வாசியுங்கள். ஒரு இரவுக்கு ஒரு செட் பேட்டரி, கருகிய கீபோர்டைவிட மலிவு.

வீடு திரும்பியதும் எவ்வளவு தூக்கம் வந்தாலும் பிரஷால் ஒரு தடவை தள்ளிவிட்டுப் படுங்கள். ஈரத்துணி காலையில் ஆகட்டும். பையையும் உதறிக் காயவிடுங்கள். பைக்குள் கிடக்கும் மணல்தான் அடுத்த முறை கட்டைக்குள் போகும்.

9. கொண்டுபோகும்போது

பைக்கில் பாம்பன் சாலைப் பாலத்தைத் தாண்டும்போது இரு பக்கமும் கடற்சாரல். பஞ்சுப் பைக்குமேல் மழை உறையும் போடுங்கள். கட்டைகள் உங்கள் முதுகைப் பார்த்தபடி இருக்கட்டும். பஸ்ஸில் படுக்கவைப்பதாக இருந்தால் கட்டைகள் மேல்நோக்கி, அதன்மேல் வேறு மூட்டை ஏறாமல். குமிழும் பெடல் ஒயரும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மதுரையிலிருந்து ஏ.சி. காரில் கொண்டுவந்து மண்டபத்தில் இறக்கியதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கீபோர்டில் நம் ஊர்க் காற்று பட்டதும் உள்ளே இருக்கும் உலோகத்தில் எல்லாம் நீர் பூக்கும். பை மூடியபடியே இரண்டு மூன்று மணி நேரம் அறைச் சூட்டுக்கு வரட்டும். அந்த நீர் பையின் வெளிப்பக்கத்தில் படும், துடைத்துவிடலாம். அப்படியே திறந்து உடனே ஆன் செய்வது ஈரத்தின்மேல் மின்சாரம் விடுவதுதான்.

10. ஐப்பசி, கார்த்திகை

இடி கேட்டால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். கம்ப்யூட்டரோடு யூ.எஸ்.பி. ஒயர் போட்டிருந்தால் அதையும், மிக்ஸரோடு போட்டிருந்தால் அதையும். மின்னல் எந்த ஒயர் வழியாகவும் வரும்.

புயல் எச்சரிக்கை வந்தால் பைக்குள் போட்டு, பிளாஸ்டிக் சுற்றி, பரணிலோ பீரோ மேலோ ஏற்றிவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் வேண்டாம்.

11. கட்டை பேசவில்லை என்றால்

ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ரப்பர் மொட்டு இருக்கும், அதற்குள் கரி பூசிய இரண்டு பொட்டு. கட்டையை அழுத்தும்போது ஒன்று முன்னாலும் மற்றது கண்ணிமைப்பதற்குள் பின்னாலும் பலகையைத் தொடும். இரண்டுக்கும் நடுவில் ஆன நேரத்தை வைத்துத்தான், மெதுவாக வாசித்தீர்களா வேகமாக அடித்தீர்களா என்று கீபோர்டு கணக்கிடுகிறது. ஒரு பொட்டில் உப்பு படிந்தால் கட்டை ஊமையாகும், அல்லது எப்படித் தொட்டாலும் உரக்கக் கத்தும். அப்படிக் கத்தினால் அழுத்தி அடித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ரப்பர் கிழியும்.

முதலில் செய்ய வேண்டியது: அணைத்து, பிரஷால் சுத்தம் செய்து, உலர்ந்த அறையில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பாருங்கள். ஈரம் மட்டும் என்றால் சரியாகிவிடும். விடியற்காலையில் ஊமையாகவும் மத்தியானத்தில் சரியாகவும் இருந்தால் உள்ளே உப்பு போய்விட்டது என்று அர்த்தம். அப்போது திறந்துதான் ஆக வேண்டும்.

வாரண்டி இருந்தால் நீங்கள் திறக்காதீர்கள். இல்லை என்றால், கை பழகியவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். திருகுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும், ஒரு அட்டையில் கீபோர்டின் படம் வரைந்து அந்தந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். நீளத் திருகைக் குட்டை இடத்தில் போட்டால் பலகையைத் துளைக்கும். பலகையிலுள்ள கருப்புத் தடங்களை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால் லேசாகத் துடையுங்கள். ரப்பர் பொட்டை உலர்ந்த மெல்லிய துணியால் ஒற்றினால் போதும், தேய்த்தால் கரி வந்துவிடும், அப்புறம் அந்த ரப்பர் வரிசையையே மாற்ற வேண்டியதுதான். இரண்டும் நன்றாகக் காய்ந்த பிறகு மூடுங்கள்.

ஜாக்கில் கரகரப்பு வந்தால், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, அணைத்து, ஒயரைப் பத்துத் தடவை செருகி எடுங்கள். மெல்லிய துரு உரசலிலேயே போய்விடும். போகாவிட்டால் மின்தொடர்புக்கென்றே விற்கும் கான்டாக்ட் கிளீனர் வாங்குங்கள். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அதில் தூசி ஒட்டும்.

மின்சாரம் ஏறி இறங்கிய பிறகு சத்தமெல்லாம் தாறுமாறாக இருந்தால் பழைய நிலைக்குத் திருப்பிப் பாருங்கள். யமஹாவின் பி.எஸ்.ஆர்.-ஈ வரிசையில் வலது கோடி வெள்ளைக் கட்டையை அழுத்தியபடி ஆன் செய்ய வேண்டும். நீங்கள் செய்து வைத்த அமைப்புகள் அழிந்துவிடும், முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

12. தண்ணீர் உள்ளே போய்விட்டால்

பிளக்கைப் பிடுங்குங்கள். கை ஈரமாக இருந்தால் முதலில் மெயினை அணைத்துவிட்டுப் பிடுங்குங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். கீபோர்டைக் கட்டைகள் கீழே பார்க்கும்படி, சுத்தமான துணிமேல் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர் வந்த வழியே வடியட்டும். வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்காதீர்கள். நனைந்த கீபோர்டு செத்துப்போவது பெரும்பாலும் அந்த ஒரு சோதனையில்தான்.

மழைத் தண்ணீர் என்றால் நன்றாகக் காய்ந்த பின் பிழைக்க வாய்ப்பு அதிகம். மின்விசிறிக் காற்றில் மூன்று நான்கு நாள் விடுங்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம், அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் வேண்டாம், மாவும் தூசியும் சேரும்.

கடல் தண்ணீர் என்றால் காய வைப்பது தீர்வாகாது. தண்ணீர் போனாலும் உப்பு தங்கி, அன்றிலிருந்தே அரிக்க ஆரம்பிக்கும். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே, சர்வீஸ் செய்பவரிடம் கொண்டுபோய் "கடல் தண்ணி பட்டுருச்சு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். பலகையைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஆல்கஹாலில் துடைத்துக் காயவைத்தால்தான் பிழைக்கும். தண்ணீர் பட்டது என்று மட்டும் சொன்னால் அவர் காயவைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார், இரண்டு வாரத்தில் நின்றுபோகும். அன்றைக்கே ஆள் கிடைக்கவில்லை என்றால் நனைந்த நேரத்தையும் எந்தப் பக்கம் நனைந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பையோடு வையுங்கள், அவர் எங்கிருந்து திறக்க வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும்.